கல் சொன்ன கப்பல் கதை

கேள்வி: ஆதிமனிதன் கடல் கடந்தான் என்கிறார்கள். அந்தப் படகு ஒன்றுகூடக் கிடைக்காதபோது எப்படி நம்புவது?

பதில்: படகு மட்கிவிடும், அது சுமந்த சரக்கு மட்காதே! கிரேக்க நாட்டின் ஃபிராங்தி குகையில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணடுக்கில் கறுப்பு எரிமலைக் கண்ணாடிக் கற்கள் கிடைத்தன. வேதியியல் சோதனையில் அவற்றின் பிறந்த ஊர் மீலோஸ் தீவு என்று தெரிந்தது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த அந்தக் காலத்திலும் மீலோஸ் தீவாகத்தான் இருந்தது. கல்லுக்கு நீந்தத் தெரியாது. ஆகவே யாரோ துடுப்புப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கும் மூத்த சாட்சி ஆஸ்திரேலியா. பனியுகத்திலும் ஆசியாவிலிருந்து அங்கே தரைவழி கிடையாது. ஆனாலும் குறைந்தது 50,000 ஆண்டுகளாக அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். அந்தக் கண்டமே ஒரு கடல் பயணச் சான்றிதழ்!

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படகு, ஏறக்குறைய 10,000 வயதான பெஸ்ஸ ஓடம். நெதர்லாந்தில் 1955-இல் சாலை போடத் தோண்டியபோது வெளிப்பட்டது. ஒரே பைன் மரத்தைக் குடைந்தது. நீளம் சுமார் 3 மீட்டர். மாட்டுத் தொட்டியாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 2001-இல் அதேபோல் ஒன்றைச் செதுக்கி, ஆளை ஏற்றித் தண்ணீரில் விட்டார்கள். மிதந்தது ஓடம், மூழ்கியது சந்தேகம்!

எழுத்தும் சக்கரமும் வருவதற்கு முன்பே, கரை தெரியாத நீரில் இறங்கிய அந்த நெஞ்சுரத்துக்கு என் வணக்கம்.