மாயாவி மறுபடியும் வந்தார்

ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் வந்தால் சம்பளமும் தவணையும் நினைவுக்கு வருகிற வயதை நாமெல்லாம் எட்டிவிட்டோம். ஆனால் எண்பதுகளில் கால்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்த இரண்டு தேதிகளும் ராணி காமிக்ஸ் வருகிற நாட்கள். 1984 ஜூலையில் ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி'யோடு அது தொடங்கிய அதே மாதத்தில்தான், சிவகாசியிலிருந்து 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு லயன் காமிக்ஸும் வந்தது. 1972 முதலே முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வருடங்களில் சிறுவனாக இருக்கக் கொடுத்துவைத்தவர்கள் நாங்கள்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், குறுக்கே கட்டிய சணல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் புத்தகங்களில் புது அட்டை ஏதும் தெரிகிறதா என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வருவோம். தெரியாவிட்டாலும் கேட்காமல் நகர்வதில்லை. "அண்ணாச்சி, மாயாவி வந்துட்டா?" "கட்டு இன்னும் பிரிக்கலடே, சாயங்காலம் வா." அந்தச் சாயங்காலம் வருவதற்குள் கணக்கு வகுப்பும் வரலாறு வகுப்பும் எப்படிக் கழிந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடை வாசலில் நின்றவர்தான்.

வாங்கிய புத்தகம் வாங்கியவனிடம் தங்காது. தெருவில் ஒருவன் வாங்கினால் ஏழெட்டு வீட்டுக்கு அது சொத்து. என்னுடைய மாடஸ்டிக்கு உன்னுடைய டெக்ஸ் வில்லர், அவனுடைய ஸ்பைடருக்கு என்னுடைய லக்கி லூக் என்று கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும்போது அட்டை போயிருக்கும், கம்பித் தையல் விட்டிருக்கும், பெரும்பாலும் கடைசித் தாள் இருக்காது. அந்த இல்லாத தாளைப் பற்றித்தான் இன்றும் எனக்கு ஆசையாகப் பேசத் தோன்றுகிறது. முழுசாகப் படித்தவன் ஒருவன் முடிவைச் சொல்லுவான். அதைக் கேட்டவன் இன்னொருவனுக்குச் சொல்லும்போது நடுவில் ஒரு வெடிகுண்டைச் சேர்ப்பான். மூன்றாவது ஆள் வில்லனை மலை உச்சியிலிருந்து உருட்டிவிடுவான். ஒரே கதைக்கு எங்கள் தெருவில் நாலைந்து முடிவுகள் உலவின, அத்தனையும் எங்களுக்கு உண்மையாகவே இருந்தன.

பிறகு கல்லூரி, வேலை, சென்னை. ஊரில் வீட்டுக்கு வெள்ளையடித்த ஒரு கோடையில் பரணிலிருந்த அட்டைப்பெட்டிகள் பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏறின. பல வருடங்களுக்கு அவ்வளவுதான்.

மறுபடி என்னைப் படிக்க வைத்தது, துபாயில் வேலை பார்க்கும் பழைய தெருக்காரன் ஒருவன். "டேய், இரும்புக்கை இங்கிலீஷ்ல வந்திருக்கான்டா, டேப்லெட்ல வாங்கிப் படி" என்றான். லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனத்தார் வெளியிட்ட பழைய வாரப் பத்திரிகைகளின் களஞ்சியத்தை, ஆக்ஸ்ஃபோர்டில் கணினி விளையாட்டுகள் செய்யும் ரெபெல்லியன் என்ற நிறுவனம் வாங்கி, ஒவ்வொன்றாகத் தூசிதட்டித் தொகுப்புகளாக வெளியிட்டு வருகிறது. நம் இரும்புக்கையான ஸ்டீல் க்ளா, ஸ்பைடர் இரண்டுமே 2021-இல் அப்படி வந்தன. சிபிஇசட் என்று முடியும் கோப்பாகவும் இந்த மாதிரித் தொகுப்புகள் கிடைக்கின்றன. பெயர் மிரட்டினாலும் உள்ளே இருப்பது எளிமை: பக்கங்களை வரிசை எண் போட்ட படங்களாக ஒரு ஜிப் பொட்டலத்தில் கட்டி, வால் பெயரை மாற்றியிருக்கிறார்கள். அண்ணாச்சி கடையில் சாயங்காலம் பிரிபட்ட கட்டு இப்போது விரல் பட்டதும் பிரிகிறது.

திறந்த முதல் இரவில் நான் கதையைப் படிக்கவில்லை, படம் பார்த்தேன். ஜீசஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். 1962-இல் வேலியண்ட் பத்திரிகைக்காக அவர் தீட்டிய கறுப்பு மசியின் ஆழம், மழையில் நனைந்த தெருவிளக்கு, யாருமற்ற அறையில் காற்றில் நிற்கும் அந்த ஒற்றை இரும்புக் கை, கைக்குப் பின்னால் சுவரில் படியும் நிழல்! சாணித்தாளில் அச்சேறி மசி ஊறிப் பரவிய பக்கங்களில் இதையெல்லாம் நாங்கள் பாதி பார்த்தோம், பாதி கற்பனை செய்துகொண்டோம். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் தூரிகை எங்கே தயங்கியது, எங்கே துணிந்து ஓடியது என்பதுகூடத் தெரிகிறது. அன்று நிழல் படையின் உளவாளியாக மட்டுமே நான் அறிந்திருந்த இரும்புக்கை மாயாவி லூயிஸ் கிராண்டேல், தொடக்கக் கதையில் மின்சாரம் பாய்ந்து மறையும் வரத்தைக் கொள்ளைக்குப் பயன்படுத்துகிற கெட்டவன் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய செல்வம் பெயர்கள். அந்த நாளைய பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் பொதுவாகப் போடுவதில்லை. சிவகாசி வரை அந்தப் பெயர்கள் எப்படி வந்து சேரும்? ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர், என்று தொகுப்பில் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வரைந்தவர் ரெஜ் பன். கூர் காதும் கறுப்பு உடையுமாக, வலைத் துப்பாக்கியோடு நியூயார்க்கை நடுங்கவைத்த அந்த ஆணவக்காரனை நாங்கள் எவ்வளவு நேசித்தோம்! அவனை நமக்குத் தந்த மனிதர்களுக்கு நன்றி சொல்ல இத்தனை வருடம் கழித்தாவது ஒரு பெயர் கிடைத்தது.

தினமும் காலையில் வேதாளரையும் பார்க்கிறேன். ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் மண்டையோட்டுக் குகையில் குடியிருந்தவரைத்தான் சொல்கிறேன். லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய அந்தத் தினசரித் தொடர் இன்னும் நிற்கவில்லை, காமிக்ஸ் கிங்டம் தளத்தில் நாளுக்கொரு பட்டையாக வருகிறது. கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு மூன்று கட்டங்கள் கொண்ட அந்தப் பட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் திரையில் பொருந்துகிறது. பாண்டும் மாடஸ்டியும்கூட லண்டன் நாளிதழ்களில் இப்படிப் பட்டையாக வந்தவர்கள்தான். அந்தக் கட்டங்களைப் பிரித்து அடுக்கித்தான் நமக்குப் பக்கங்களாக்கித் தந்தார்கள். சில கட்டங்களுக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டுவதும், திரும்பிப் பார்த்தால் துப்பாக்கி நீட்டுவதும் ஏன் என்று இப்போது விளங்குகிறது. மறுநாள் பேப்பரை வாங்க வைக்க வேண்டுமே!

ஆனால் பக்கம் பக்கமாக வரைந்த கதைகளைக் கைப்பேசியில் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. 2007-இல் தொடங்கி பின்னாளில் அமேசான் வாங்கிய காமிக்ஸாலஜி, கைடட் வியூ என்ற முறையைப் பரப்பியது: பக்கத்தைக் காட்டாமல் ஒவ்வொரு கட்டமாகத் திரையை நிரப்பிக்கொண்டு போகும். வசதிதான். ஆனால் பெரிய கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்தை ஓவியர் ஏன் வைத்தார், தாளைத் திருப்பும் இடத்தில் எதை ஒளித்தார் என்பது அதில் போய்விடுகிறது. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த 'இரத்தப் படலம்' தொடரை அப்படிக் கட்டம் கட்டமாகப் பார்ப்பது அந்த வேலைக்கு நியாயம் செய்வதாகாது. முழுப் பக்கம் காட்டும் டேப்லெட்டில் படியுங்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். திரையில் பெரும்பாலான கடைகள் நமக்குத் தருவது படிக்கும் அனுமதி. படித்து முடித்து எதிர்வீட்டுப் பையனிடம் தூக்கிக் கொடுக்க அதில் வழியில்லை. கடைசிப் பக்கம் ஒருபோதும் கிழிவதில்லை, அதனால் எனக்காக முடிவு சொல்ல யாரும் வருவதுமில்லை. அன்று கடைசித் தாள் இல்லாமல் படித்த ஒரு ஸ்பைடர் கதையின் உண்மையான முடிவை இந்த வருடம் படித்தேன். எங்கள் தெருவில் சொன்ன முடிவுதான் நன்றாக இருந்தது என்று துபாய்க்குத் தகவல் அனுப்பினேன். "அது நான் சொன்னதுடா" என்று பதில் வந்தது.

எல்லாம் கிடைக்கிற இந்தத் திரையில் எனக்குக் கிடைக்காதது தமிழ். கிராண்டேலும் ஸ்பைடரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். என் காதில் அவர்கள் குரல் தமிழில்தான் விழுந்து பழகியிருக்கிறது. லயனும் முத்துவும் 2012-க்குப் பிறகு வழுவழுப்பான தாளில், வண்ணத்தில், சந்தா கட்டியவர் வீட்டுக்குக் கூரியரில் வருகின்றன. லயன் ஆசிரியர் விஜயன் பதினேழு வயதில் தொடங்கிய வேலையை இன்னும் விடாமல் செய்துகொண்டிருப்பதற்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதல்ல. அவை அச்சிலேயே நன்றாக இருக்கின்றன, இருக்கட்டும். என் கவலை நின்றுபோன இதழ்களைப் பற்றியது. 2005-இல் 500 இதழ்களோடு ராணி காமிக்ஸ் முடிந்தது. வாண்டுமாமா ஆசிரியராக இருந்து நடத்திய பூந்தளிர் அதற்கு முன்பே நின்றுவிட்டது. மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலமாகி, தாளைப் பழுக்கவைத்து நொறுக்கிவிடும். சேகரிப்பாளர்கள் சிலர் சொந்தச் செலவில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் பல அட்டைகளை இன்று கண்ணாலாவது பார்க்க முடிகிறது.

வெளிநாட்டுக் கதைகளைத் திரையில் வெளியிடத் தனி உரிமம் வேண்டும் என்பது தெரியும். அது செலவு, அலைச்சல். ஆனால் பூந்தளிரில் வாண்டுமாமா எழுதியவையும், தமிழ் ஓவியர்கள் வரைந்த சித்திரக் கதைகளும், அன்றைய அட்டைப்படங்களும் நம்முடையவை. உரிமை வைத்திருப்பவர்கள் அவற்றிலிருந்து தொடங்கலாம். நல்ல ஸ்கேன், வரைந்தவர் பெயர், நியாயமான விலை, இவ்வளவுதான் கேட்கிறோம். அட்டையும் விளம்பரமும் வாசகர் கடிதமும் வெட்டுப்படாமல் இதழ் முழுதாக வரட்டும். காசு கொடுத்து வாங்க எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், துபாய்க்காரனையும் சேர்த்து.