அம்மா ஒளித்துவைத்த உடுப்பு

கி.பி. 202. அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டவர்களில் லியோனிடெஸ் ஒருவர். அவருடைய மூத்த பிள்ளை ஒரிஜனுக்கு 17 வயதுகூட நிறையவில்லை. "நானும் போய் வேதசாட்சியாகச் சாகிறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அவனுடைய உடுப்பு அத்தனையையும் எடுத்து ஒளித்துவிட்டாள். உயிரை விடத் துணிந்தவனுக்குத் துணி இல்லாமல் தெருவில் இறங்கத் துணிவில்லை.

போக முடியாதவன் என்ன செய்வான்? சிறையிலிருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதினான்: எங்களை நினைத்து மனதை மாற்றிக்கொள்ளாதீர்கள். பொறுப்பான பிள்ளை! அப்பாவின் தலை போயிற்று, சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு மிஞ்சியது 7 பிள்ளைகள்.

பையன் வாத்தியார் வேலைக்குப் போனான். தரையில் படுக்கை, காலில் செருப்பில்லை. வேதத்தில் எதைக் கண்டாலும் இதற்கு உள்ளர்த்தம் வேறு என்று சொல்லியே பேர் வாங்கியவர். ஆனால் பரலோக ராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்களைப் பற்றிய மத்தேயு வசனத்தை மட்டும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு கத்தியைத் தூக்கிவிட்டார் என்று எழுதிவைத்திருக்கிறார் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ். இன்றைய அறிஞர்கள் பலர் இதை நம்புவதில்லை. வயதான ஒரிஜனே அப்படி வாசிப்பது மடமை என்றுதான் எழுதினார். பட்டுத் தெரிந்துகொண்டதா, படித்துத் தெரிந்துகொண்டதா என்று கேட்பது நாகரிகமல்ல.

அப்புறம் ஆம்பிரோஸ் என்ற பணக்காரர் கிடைத்தார். 7 சுருக்கெழுத்தாளர்களுக்கு மேல் அமர்த்தினார். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர். ஒரிஜன் வாய்தான் ஓயவில்லை. மொத்தம் 6000 நூல்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அவ்வளவெல்லாம் இல்லை என்று பின்னாளில் வேத அறிஞர் ஜெரோம் மறுக்க வேண்டிவந்தது. பாலஸ்தீன ஆயர்கள் குருப்பட்டம் கொடுத்ததும், அதுவரை மெச்சிக்கொண்டிருந்த அலெக்சாந்திரியா ஆயர் தெமேத்ரியுவுக்கு வயிறு எரிந்தது. பழைய கத்திக் கதையை ஊரெல்லாம் பரப்பினார். மனுஷர் செசரியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

250-இல் ரோமப் பேரரசன் தேசியுஸ் காலத்தில் சாவு மறுபடி வாசலுக்கு வந்தது. கழுத்தில் இரும்பு, கால்கள் தொழுமரத்தில் நாலு துளை தூரத்துக்கு இழுபட்டிருந்தன. ஆனால் நீதிபதி கெட்டிக்காரர். ஆள் செத்தால் வேதசாட்சியாகிவிடுவான் என்று, சாகாதபடி பார்த்துப் பார்த்து வதைத்தார். ஒரிஜன் வெளியே வந்து, சில வருஷம் கழித்துத்தான் கண்ணை மூடினார். புனிதர் பட்டம் இரண்டாம் தடவையும் கைநழுவியது.

செத்தும் விடவில்லை. சாத்தானுக்கும் கடைசியில் கதிமோட்சம் உண்டு என்று சொன்னார் என்பது குற்றச்சாட்டு. 553-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் சபித்தது; 300 வருஷத்துக்கு முன் மண்ணுக்குள் போனவரை! புத்தகங்களில் பெரும்பகுதி அழிந்தது. பிழைத்தவை பல லத்தீன் மொழிபெயர்ப்பில் ஒளிந்துகொண்டன. 2012-இல் மியூனிக் நூலகத்தில், ஆசிரியர் பெயரில்லாத ஒரு கிரேக்கச் சுவடியில், சங்கீதங்கள் பற்றிய 29 பிரசங்கங்கள் அகப்பட்டன. எல்லாம் இவருடையவை.

உடுப்பை ஒளித்த அந்த அம்மாவின் பெயரை மட்டும் யூசேபியஸ் எழுதவில்லை.