கம்பி இல்லாத காடு தேடி

பொள்ளாச்சிப் பக்கம் கேரவன் என்று ஒன்று வந்தால் அதற்குள் நடிகர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். சினிமாக்காரர்கள் வாய்க்கால் கரையும் தென்னந்தோப்பும் தேடி அத்தனை காலமாக அங்கே வந்துபோனதில், ஜன்னலுக்குத் திரை போட்ட வண்டி எது நின்றாலும் கூட்டம் கூடிவிடும். என் மச்சான் தம் பட்டறையிலேயே செய்த சின்ன டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போய், ஆனைமலை ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினார். டீ வருவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். மச்சான் பெருமையோடு பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு கிரைண்டர். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சமையல் வண்டி வந்துருச்சு. நடிகரு எப்பங்க வருவாரு?"

மச்சானுக்குக் கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறை. கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் விலை கேட்க மாட்டார்கள். "இத நாமளே பண்ணிரலாமுங்களே" என்பார்கள். அமெரிக்காவில் ஒரு தம்பதி டிரெய்லரை இழுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்குப் போய், கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வீடியோவை மச்சான் பார்த்தார். அங்கே அரசாங்கத்தின் பொது நிலத்தில் பல இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். அன்றைக்கே இரும்புக்கும் ஷீட்டுக்கும் ஆர்டர் போய்விட்டது. "நாமளும் அப்படித்தானுங்க மாப்ள. கரண்டு கம்பியே கண்ணுல படக்கூடாது" என்றார்.

இந்த ஆசை யாருக்கு வந்தது என்பதுதான் வேடிக்கை. 1932-இல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்திருக்காவிட்டால் கோவையில் இத்தனை மில் ஏது, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏது, மோட்டாருக்கு உதிரிபாகம் செய்யும் மச்சான்தான் ஏது? 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதிலிருந்து இந்த ஊரே கரண்டைச் சுற்றித்தான் சுழல்கிறது. 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து கோவை நகரத்தையே அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதுவும் கரண்டுக் கட்டணத்துக்காகத்தான். ஆக, இந்த மண்ணில் வண்டியோடு வந்து வெட்டவெளியில் உட்கார்ந்தவர்கள் கரண்டு வேண்டுமென்று உட்கார்ந்தார்கள். வேண்டாமென்று உட்காரக் கிளம்பியவர், எனக்குத் தெரிந்து, மச்சான் ஒருவர்தான்.

டிரெய்லர் என்னவோ அழகாகத்தான் வந்தது. பதிவு செய்யப் போன இடத்தில்தான் சிக்கல். எஞ்சின் நம்பர் கேட்டார்கள். எஞ்சினே இல்லை என்றார் மச்சான். "எஞ்சின் இல்லாத வண்டிய எந்தக் கணக்குல எழுதறதுங்க?" 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான் என்று எழுதியிருக்கிறது. மச்சான் பட்டறையிலிருந்து வெளியே போன பொருள்களில் மோட்டாருக்குச் சம்பந்தமே இல்லாதது இது ஒன்று. சட்டம் அதற்கும் மோட்டார் என்று பெயர் வைத்துவிட்டது.

அடுத்து, எங்கே போவது? காடு என்றால் நம் ஊரில் ஒன்று வனத்துறையுடையது, இல்லாவிட்டால் கவுண்டருடையது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நம் இஷ்டத்துக்கு ராத்திரி தங்கினால் வழக்குத்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு; டிரெய்லரோடு போனால் முதல் வளைவிலேயே பின்னால் வரும் பஸ்காரர் நம் வம்சத்தையே வாழ்த்துவார். அதுவும் போக, காட்டில் இருப்பதை யார் விரும்புகிறார்கள்? சின்னத்தம்பி யானையை 2019 ஜனவரியில் கோவைக்குப் பக்கத்துத் தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் பக்கக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல காடு, நல்ல தண்ணீர், கம்பி கிடையாது, சத்தம் கிடையாது. அவன் என்ன செய்தான்? நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து உடுமலைப் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்துக் கரும்புக்காட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான். பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. யானைக்கே பிடிக்காத வாழ்க்கைக்குத்தான் மச்சான் டிரெய்லர் செய்திருந்தார்.

கடைசியில் மச்சானின் சிநேகிதர் ஒருவருடைய தென்னந்தோப்பு கிடைத்தது. நானும் கூடப் போனேன். இட்டேரி வழியாகப் போகவேண்டும். இரண்டு பக்கமும் வேலி. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் எடுத்தே ஆகவேண்டும். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் அது வலது பக்கம் போகும் என்பது தெரிந்த சங்கதிதான். தெரிந்த மனுஷரின் கை அதைக் கேட்க வேண்டுமே! டிரெய்லர் வேலிக்குள் முதுகை நுழைத்துக்கொண்டது. டிராக்டர் ஓட்டிவந்த பையன் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு இறங்கி வந்து, "அண்ணா, நீங்க கொஞ்சம் எறங்கறீங்களா?" என்றான். தினமும் தேங்காய் லோடை டிப்பரோடு பின்னால் எடுக்கிறவன். ஒரே எடுப்பில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

தோப்பில் நிறுத்திப் பாயை விரிப்பதற்குள் சாளை வீட்டிலிருந்து சிநேகிதரின் ஆத்தா வந்துவிட்டார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஏஞ்சாமி, ஊட்ல ஏதாவது சண்டையா?"

இல்லை ஆத்தா, சும்மா தங்கிப் பார்க்க வந்தோம் என்றோம். அவர் நம்பவில்லை. வீடு இருக்கும்போது வெளியே படுக்கிற ஆண்பிள்ளைகளுக்கு அவர் அனுபவத்தில் அந்த ஒரு காரணம்தான் உண்டு. டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார். மச்சான் ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டிலுக்கு அடியிலிருந்து கக்கூஸ் பெட்டியை இழுத்தபோது ஆத்தா இரண்டடி பின்னால் போய்விட்டார். "படுக்கறதுக்குக் கீழயா? அடுப்புக்குப் பக்கத்துலயா?" இதில் மருந்து ஊற்றினால் வாடையே வராது என்று மச்சான் விளக்க விளக்க ஆத்தாவின் முகம் இன்னும் கோணியது. "சாளைக்குப் பின்னால நல்லதா ஒண்ணு கட்டியிருக்கறோம் சாமி. அங்க போங்க" என்றார், தீர்ப்பு மாதிரி.

சற்று நேரத்தில் மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஆள் ஒயர்ச் சுருளோடு வந்தார். ஆத்தாவின் உத்தரவு: வீட்டுக்கு வந்த உறம்பரை இருட்டில் கிடக்கக் கூடாது. மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் பம்ப்செட் கரண்டு இலவசம். அதை வேறு உபயோகத்துக்கு இழுத்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி இருமடங்கு கட்டணம் போட இடமுண்டு. மச்சான் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லித்தான் தப்பினார். "கேசாயிரும் ஆத்தா." அமெரிக்காக்காரர் கரண்டைத் துறப்பதற்குத் தத்துவம் பேசுவார், நம்மூரில் பிரிவு சொன்னால்தான் விடுவார்கள்.

இனி சோலார். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1200 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 600. மச்சான் நோட்டில் எழுதிவைத்திருந்தார்: ஃபேனுக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, மாவாட்ட 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிஷம், அதாவது நூறு. கணக்கு சுத்தமாக இருந்தது. 1955-இல் சபாபதி இந்த ஊரில் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தார். அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அப்படியிருக்க அதை விட்டுவிட்டு ரொட்டி தின்ன மச்சானுக்கு மனசு வரவில்லை. ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டாரைக் கரைத்துக் குடித்த மச்சானுக்கு இது தெரியாததா? தெரியும். சின்ன இன்வெர்ட்டருக்குத்தான் பழக்கமில்லை. வீல் என்று கூவிவிட்டு அணைந்தது. ஊறிய அரிசி அப்படியே கிடந்தது.

பேட்டரியும் ஏறவில்லை. நிழலுக்காகத்தான் தென்னைக்கடியில் நிறுத்தினோம். சோலார் பேனலில் செல்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒரு கீற்றின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் கரண்டு வெகுவாகக் குறைந்துவிடும். வெயிலுக்கு நகர்த்தினால் பேட்டரி ஏறியது, உள்ளே மனுஷன் இருக்க முடியவில்லை. நிழலில் நிறுத்தினால் மனுஷன் பிழைப்பான், பேட்டரி செத்துவிடும். மேலே முற்றிய தேங்காய்க் குலை வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். மச்சான் டிரெய்லருக்கு முன்னால் கட்டிய துணிப்பந்தலுக்கு ஆடிவரை பொறுமையில்லை, ஆனியிலேயே போய்விட்டது. மேற்குத்தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே கிடையாது. தென்மேற்குக் காற்று அந்தக் கணவாய் வழியாக நேரே நம் வாசலுக்கு வருகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். பறந்த பந்தல், பக்கத்துத் தோட்டத்துப் பாக்கு மரத்தில் இருந்தது. மறுநாள் ஆள் ஏறி எடுத்துத் தந்தார்.

அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் நிஜமான ஆசாமிகளைப் பார்த்தேன். போர்வெல் போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்திருந்தது. ஒரு லாரியில் ரிக், இன்னொன்றில் கம்ப்ரசரும் ராடுகளும் சமையல் சாமானும். ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள். லாரி ஓரத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் வீடு, மூன்று கல் வைத்தால் அடுப்பு. ஓடும் வண்டியை வீடாக்குவதை உலகத்தில் யாரும் கொங்கு நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆத்தாவின் மாமனார் காலத்தில் ஆட்டுப்பட்டியைக் காட்டுக்குக் காடு மாற்றிப் போடும்போது காவல் குடிசையும் கூடவே நகருமாம். வயிற்றுப்பாட்டுக்குச் செய்ததால் அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ரிக் வண்டி டிரைவர் எங்கள் டிரெய்லரைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். வெல்டிங் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மச்சானிடம் அக்கறையோடு கேட்டார்: "இப்படித் தங்கறதுக்கு உங்களுக்கு என்ன சம்பளமுங்க?"

மச்சான் பதில் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர்கள் பொங்கிய அரிசிம்பருப்புச் சாதத்தில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. கிரைண்டர் இல்லாமலே செய்தது.

உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால் ஆனி, ஆடியில் வேண்டாம்; தை, மாசியில் போங்கள். வனத்துறைக் காட்டுப் பக்கம் போகாதீர்கள். தோப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வீட்டில் சண்டை இல்லை என்பதையும் சேர்த்து. டிரெய்லர் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், விலைக்குத்தான் இருக்கிறது. பதிவு எல்லாம் முறையாக இருக்கிறது. கிரைண்டர் மட்டும் அதில் சேராது. மச்சான் சம்சாரம் அதை நாங்கள் திரும்பிய அன்றைக்கே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டார்.