முகமூடியும் மூக்குத்தண்டும்

கேள்வி: தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று சிபாப் மெஷின் கொடுத்தார்கள். மாஸ்க்கை எவ்வளவு இறுக்கினாலும் காற்று கண்ணில் அடிக்கிறது, மூக்குத்தண்டும் சிவந்துவிட்டது. பேசாமல் குறட்டையோடே இருந்துவிடலாமா?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: கூடவே கூடாது! குறட்டை கெடுப்பது வீட்டாரின் தூக்கத்தை. மூச்சு நிற்பது கெடுப்பது உங்கள் இதயத்தை. 1981-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன், மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் இந்த சிபாப் சிகிச்சையை அறிவித்தபோது, மாஸ்க்கை இரவுதோறும் சிலிக்கோன் பசை தடவி மூக்கில் ஒட்டினார்கள். நமக்கு வார் இருக்கிறது. அதை இறுக்குவதுதான் வினை. இறுக்க இறுக்க குஷன் மடிந்து காற்று கசியும், தோலும் புண்ணாகும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, வாரை நன்றாகத் தளர்த்துங்கள். பிறகு கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள்.

நம் டெல்டா புழுக்கத்தில் வியர்வையோடு, தலையிலிருந்து நெற்றிக்கு வழியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் சிலிக்கோன் குஷன் வழுக்காமல் என்ன செய்யும்? எண்ணெயைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்முன் முகம் கழுவித் துடையுங்கள். குஷனைத் தினமும் மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மீசை அடர்த்தியா? அதனாலும் காற்று கசியும். தஞ்சாவூர்க்காரரை மழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நாசித் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் கேட்டுப் பாருங்கள். அது மூக்குத்தண்டைத் தொடவே தொடாது. தோல் உரிந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.