சிக்னலுக்கு ஒரு சிறுகதை

புத்தகம் படிக்க அமைதி வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் கோரிப்பாளையத்தில் குடியிருந்து பார்த்ததில்லை. பெரியாஸ்பத்திரிக்குள் திரும்பும் ஆம்புலன்ஸ், தர்காவிலிருந்து பாங்கு, தேவர் சிலையைச் சுற்றி ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டு வரும் டவுன் பஸ்கள், இதற்கெல்லாம் மேலே "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி" என்று ஏலம் போடும் ஷேர் ஆட்டோக்காரர். இத்தனைக்கும் நடுவில் ஒருவன் புத்தகத்தைப் பிரித்து நாலு பக்கம் ஓட்டிப் பழகிவிட்டால், அப்புறம் அமைதியான இடத்தில் அவனுக்குப் படிப்பே ஓடாது. கொடைக்கானலில் ஒரு தடவை முயன்றேன். நல்ல தூக்கம் வந்தது.

மேம்பாலத்துக்குத் தோண்ட ஆரம்பித்தபோது ஊரே திட்டியது. மனசுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். 1889-ல் வைகை மேல் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கட்டியவர்கள் மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் கணக்கில் வைத்துக் கட்டினார்கள். இன்றைக்கு அதில் இறங்குகிற அத்தனை வண்டியும் எங்கள் முக்கில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் அட்டையைத் திருப்புவேன். எந்த நெரிசலுக்கு எந்த எழுத்தாளர் என்பதில்கூட எனக்கு இப்போது ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. சாதாரண நாளில், பனகல் ரோட்டிலிருந்து பாலத்தைத் தாண்டுவதற்குள் புதுமைப்பித்தன் கதை ஒன்று முடியும். முகூர்த்த நாள் என்றால் தி. ஜானகிராமனைத் தைரியமாகத் தொடங்கலாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று குறுநாவலே தாங்கும். ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல்கள். அதற்கு மேம்பாலத் திட்டத்தையே நம்பி உட்கார்ந்தால்தான் உண்டு.

படிப்பது ஒரு சுகம் என்றால், வாங்குவது அதைவிடப் பெரிய சுகம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா போட்டால் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இந்தச் சௌகரியத்தால் அழிந்த குடும்பம் எங்களுடையது. எல்லா ஸ்டாலிலும் பத்து சதவீதம் தள்ளுபடி. பத்துப் புத்தகம் வாங்கினால் ஒரு புத்தகத்தின் காசு மிச்சம். அந்த மிச்சத்தில் பதினொன்றாவது. கணக்குப் பாடத்தில் இதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. வெளியே மிளகாய் பஜ்ஜி கட்டாயம். என் அலமாரியில் எந்தப் புத்தகம் கடையில் வாங்கியது, எது தமுக்கத்தில் வாங்கியது என்று பின்னட்டை எண்ணெயை வைத்தே சொல்லிவிடுவேன்.

வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பது தனி வித்தை. நேரே கொண்டுபோனால் "மறுபடியுமா?" என்ற கேள்வி வாசலிலேயே நிற்கும். அதனால் புதுப் புத்தகத்தை ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டு, கொஞ்ச நாள் ஊறவிட்டு, டிபன் டப்பாவோடு பையில் சும்மா அலையவிட்டு, அட்டை முனை மடங்கிய பிறகுதான் அலமாரிக்கு ஏற்றுவேன்.

"என்னங்க, இது புதுசா?"

"இதா? ரொம்ப நாளா இருக்கே. நீ பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். போன வாரம் உங்க பையில. பாதி படிச்சுட்டேன். கடைசியில அந்தப் பொண்ணு திரும்பி வந்துருவாளா?"

எனக்குத் தெரியாது. நான் முன்னுரையைத் தாண்டியிருக்கவில்லை.

இந்த வீட்டில் எனக்கு முந்திய வாசகி அவள்தான். கல்யாணத்தில் அவளோடு வந்த சீரில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஐந்து கனத்த பைண்டுகள் இருந்தன. அத்தை பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பொன்னியின் செல்வன். 1950-ல் தொடங்கி 54 வரை கல்கியில் முதலில் வந்தது. அப்புறமும் அதே பத்திரிகை மறுபடி மறுபடி போட்டது. அத்தை சேர்த்தது எந்தச் சுற்று என்று அவருக்கே நினைவில்லை. கறுப்புக் காலிகோ முதுகு, மைதாப் பசை. அந்தப் பசைக்கு ஆசைப்பட்டு வந்த ராமபாணம் முதல் பாகத்தில் நுழைந்து, வந்தியத்தேவனைவிட வேகமாக, ஒரே நேர்கோட்டில் முப்பது பக்கத்தைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஓட்டையில் கண்ணை வைத்தால் அடுத்த அத்தியாயம் தெரியும்.

கடைப் பதிப்பில் கிடைக்காத ருசி அதில் ஒன்று உண்டு. கதை முடிந்த இடத்தில் துணுக்கு, சோப்பு விளம்பரம், பாதிச் சமையல் குறிப்பு. ஒரு பக்கத்தில் நர்ஸ் டாக்டரிடம் ஏதோ கேட்கிறாள். டாக்டரின் பதில் பைண்டர் போட்ட தையலுக்குள் மாட்டிக்கொண்டது. அந்தப் பதில் என்னவாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். நிஜப் பதில் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பரண் நிரம்பிப் படுக்கைக்கு அடியிலும் அடுக்க ஆரம்பித்தபோது பேச்சுவார்த்தை கொஞ்சம் சூடானது. நான் கோட்டையூர் ரோஜா முத்தையாவை இழுத்தேன். போர்டு எழுதிக்கொண்டிருந்த ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிகாகோக்காரங்க நம்பர் இருந்தா இன்னிக்கே போடுங்க, கட்டிலைக் கூட்டிப் பெருக்கணும்" என்றாள்.

என் மச்சான் வேறு ரகம். புத்தகம் என்றால் அலர்ஜி. ஆனால் சொந்த வீடு வைத்திருக்கிறான், வீட்டு வரி கட்டுகிறான். அந்த ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும்; சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. சீர்காழி ரங்கநாதன் பாடுபட்டு, 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த நூலகச் சட்டத்தின் கைங்கரியம் அது. "ஒரு பக்கம்கூடப் படிக்காம இத்தனை வருஷம் காசு கட்டுறேனே" என்று புலம்புவான். நான் படிப்பது உன் பங்குக்கும் சேர்த்துத்தான் மாப்பிள்ளை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் காசைக் கறாராக வசூல் செய்யத்தான் புது நத்தம் ரோட்டுக்குப் போகிறேன். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல், முழுக்க ஏசி. மே மாதத்து மதுரையில் இலக்கிய தாகம் திடீரென்று கூடுவதற்கு இது ஒரு காரணம். பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். மூன்று கலரில் கோடு போட்டு, உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். நடுவில் நான் கி.ரா.வைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். கோரிப்பாளையத்துச் சத்தம் இல்லாத குறையைச் சமாளிக்க, படிக்கட்டுப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்துப் பிடிப்பது வழக்கம்.

போன மாதம் பக்கத்தில் இருந்த பையன் என் நரைத்த தலையையும் கையில் இருந்த தடிப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், குரூப் டூவா, ஃபோரா?"

"பரிட்சைக்கு இல்ல தம்பி. சும்மாதான்."

நம்பவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்க மாமாவும் இப்படித்தான் சார் வெளிய சொல்ல மாட்டாரு. விட்றாதீங்க. இந்தத் தடவை கட்டாயம் வந்துரும்."

"வந்துரும்" என்றேன்.