குட்டி யானை செத்தாலும் ஆயிரம் பொன்

விருதுநகர் டீக்கடை ஒன்றின் முன்னால் அந்த வண்டி நிற்கும். "என்ன மாடல் அண்ணாச்சி?" என்று யாராவது விவரம் தெரியாமல் கேட்டுவிட்டால், வண்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத் திருப்பிக் கேட்பார்: "எந்தப் பக்கம் கேக்கீக?"

நியாயமான கேள்விதான். முன்பக்கம் 2006. பின்பக்கத் தொட்டி 2009. இடது கதவு, சாத்தூர்ப் பக்கம் லாரியில் உரசி உயிரைவிட்ட ஒரு வண்டியுடையது. வலது கதவு ராஜபாளையத்தில் தண்ணீர் கேன் சுமந்து ஓய்வுபெற்றது. கேன்காரரின் போன் நம்பரில் பாதி இன்னும் அதில் தெரிகிறது. எஞ்சினுக்கு அருப்புக்கோட்டை பூர்வீகம். டிரைவர் சீட்டு மட்டும் சொந்தச் சரக்கு: கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த சோபாவின் ஒரு பாகம்.

தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பான இந்தக் கந்தக பூமியில் ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. ஓடாத நாலு வண்டியை வாங்கி ஓடுகிற ஒரு வண்டி செய்கிறவர். ஒட்டு மாஞ்செடி மாதிரி இது ஒட்டு வண்டி. ஆகவே அவர் ஒட்டுவண்டி அண்ணாச்சி. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் 12-13 ஸ்பேனர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதுவதற்கு முன் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போய்வருவார். அங்கே ஏதாவது வண்டி செடி முளைத்து நிற்காதா என்ற நப்பாசைதான். சென்னைக்குப் போனால் மெரினா பார்க்க மாட்டார், பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை பார்ப்பார்.

அவருக்கு இந்தப் பிழைப்பை அமைத்துக் கொடுத்தது டாடா ஏஸ். 2005-இல் வந்தது. வடக்கே அதை சோட்டா ஹாத்தி என்றார்கள்; நம் பக்கம் குட்டி யானை ஆயிற்று. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். பதினாறு குதிரை கூடி ஒரு யானையை இழுக்கிற கணக்கு. முக்கால் டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொன்னது. நம் ஆட்கள் அதைக் குறைந்தபட்சம் என்று புரிந்துகொண்டு, ஸ்பிரிங் பட்டைக் கட்டில் இன்னும் இரண்டு பட்டையைச் சொருகினார்கள். ஒரே மாதிரி வண்டி லட்சக்கணக்கில் ஓடியதால் ஒரே மாதிரி வண்டி ஏராளமாகச் செத்தும் போனது. ஒன்றின் கிரவுன் இன்னொன்றின் ஹவுசிங்கில் உட்காரும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. குட்டி யானைக்கு அதை அமல்படுத்தியவர் அண்ணாச்சி.

2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பிக்கப் ஊர் முழுக்க ஓடுகிறது. அண்ணாச்சிக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு; சம்பந்தம்தான் வைத்துக்கொள்வதில்லை. எஞ்சின், கியர் பாக்ஸ், ஜாயிண்ட் எல்லாம் சொந்தத்துக்குள். கண்ணாடி, ஆரன், வைப்பர் மாதிரிச் சில்லறை அயிட்டங்களில்தான் கலப்பு மணத்துக்கு இறங்கிவருவார்.

வெம்பக்கோட்டையில் 2022-இல் தொல்லியல் துறை குழி வெட்டத் தொடங்கியபோது, மண் அடுக்கை வைத்துக் காலம் சொல்வார்கள் என்பதைக் கேட்டு ஊர் ஆச்சரியப்பட்டது. அண்ணாச்சி ஆச்சரியப்படவில்லை. அவர் பெயின்ட் அடுக்கை வைத்துச் சொல்கிறவர். காயலாங்கடையில் ஒரு கதவை நகத்தால் சுரண்டுவார். "மேல வெள்ளை. தண்ணி கேன் காலம். அதுக்குக் கீழ நீலம், மாவு மில்லுக்கு ஓடியிருக்கு. அதுக்கும் கீழ…" பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து வைப்பார். காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழும். "பூராம் பட்டி. இது ஆக்சிடென்ட் காலம்." அந்த நொடியில் கதவின் விலை பாதியாகிவிடும்.

சரக்கெல்லாம் திருத்தங்கல் சாலையோரப் பட்டறை ஒன்றில் வந்து இறங்கும். மெக்கானிக் தம்பி வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுப்பான்.

"அண்ணாச்சி, நாலு போல்ட்டுல மூணுதான் நேரா வருது."

"நாலுக்கு மூணுன்னா எழுபத்தஞ்சு மார்க்குடா. முப்பத்தஞ்சு எடுத்தவனெல்லாம் ஆபீசரா இருக்கான்."

அது கதவு போல்ட்டு என்பதால்தான் அந்தத் தாராளம். பிரேக் விஷயத்தில் அண்ணாச்சியிடம் ஒரு மார்க்கும் குறையக் கூடாது. வீல் சிலிண்டரும் லைனிங்கும் பெட்டி பிரிக்காத புதுச் சரக்காக வந்தாக வேண்டும். வண்டியிலேயே ரசீதோடு வாங்கிய பொருள்கள் இவை மட்டும்தான்.

அடுத்தது எஃப்.சி. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் அண்ணாச்சி முதல்நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை போல நிற்பார். சட்டத்துக்குக் கதவும் தெரியாது, சோபாவும் தெரியாது. அதற்கு வண்டி என்பது சேசிஸில் குத்தியிருக்கும் 17 எழுத்து எண்தான். அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி. புக்கோடு ஒத்துப்பார்ப்பார்கள். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அண்ணாச்சி இதை மனப்பாடமாகச் சொல்வார். வட இந்தியாவில் பம்புசெட் எஞ்சினை வைத்து ஓட்டும் ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவருக்குத் தெரியும். சென்னையில் பழைய பைக் எஞ்சின் வைத்த மீன்பாடி வண்டியைப் பார்த்தால், ஒழுங்காகப் படிக்காத தூரத்து உறவுக்காரப் பையனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "நம்ம வண்டிக்கு புக்கு இருக்கு" என்பதில் அவருக்கு அப்படி ஒரு கெத்து. நாலு வண்டியும் சேர்ந்த உடம்பில், முழுசாக ஒரே வண்டிக்குச் சொந்தமானது அந்த புக் ஒன்றுதான்.

இந்த வட்டாரம் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. 1920-களில் இங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் வளர்ந்ததே இப்படிப் பாகம் பாகமாகச் சேர்த்துத்தானே? ஒரு வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள், இன்னொரு ஊரில் கட்டையில் குச்சி அடுக்குவார்கள், வேறோரிடத்தில் மருந்து முக்குவார்கள், லேபிள் அச்சகத்திலிருந்து வரும். தீப்பெட்டியை வாங்கிக் கொளுத்துகிறவர் எந்தப் பக்கம் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

ஆனால் பட்டாசு லோடு மட்டும் அண்ணாச்சி ஏற்ற மாட்டார். வெடிபொருள் ஏற்ற அதற்கென்று தனி விதிமுறைகள் உண்டு என்பது ஒரு காரணம். "நம்ம சைலன்சரே சரவெடி போடுது, உள்ள வேறயா?" என்பது அவர் சொல்லும் காரணம். அச்சகத்துக்குக் காகித பண்டல், திரும்பி வரும்போது கட்டிங் வேஸ்ட், ஐப்பசி கார்த்திகையில் காலண்டர், இடையில் சீமைக்கருவேல விறகு. இந்த நாலு சரக்குக்கு நாலு வண்டியின் உடம்பு போதும்.

யாழ்ப்பாணத்தில் 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. அண்ணாச்சிக்கு வழி இருக்கிறது. பைனான்ஸ்காரர்கள் வீடு தேடி வந்து புது வண்டிக்குக் கடன் தரத் தயார். "எதுக்கு? இந்த நாலு வண்டிக்கும் நாலு பேரு டியூ கட்டி முடிச்சிட்டான்ல. அஞ்சாவது ஆளா நான் வேற கட்டணுமா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் திருகுவார். வண்டி இருமும், செருமும், மூன்றாவது முயற்சியில் ஒத்துக்கொள்ளும்.

இப்போதைக்கு அவர் வீட்டுக் கொல்லையில் மிச்சம் இருப்பவை: ஒரு கேபின், இரண்டு ரேடியேட்டர், கியர் பாக்ஸ் ஒன்று, கோழி அடைகாக்கிற ஒரு தொட்டி, புக்கோடு கூடிய ஒரு சேசிஸ். இடது கதவுதான் குறை. உங்களிடம் இருந்தால் விருதுநகர் டீக்கடைக்குச் சொல்லி அனுப்புங்கள். காந்தத்தோடு வருவார், விலை எடைக்குத்தான்.