தொட்டிக்குப் பின்னால் ஒரு கதிரை

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

அன்புள்ள அக்காவுக்கு,

வட்சப் இருக்க இவன் ஏன் கடதாசி எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் அம்மா பறித்துவிடுவா. இது அம்மாவைப் பற்றிய முறைப்பாடு.

அறையில் மீன்தொட்டி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் பாரையும் சூரையும் கூடை கூடையாய் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன், விரலளவு மீனுக்கு இங்கே பவுண் கொடுக்கிறான் என்று அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கடையில் அந்தச் சிவப்பு மீனைக் கண்டதும் விட்டுவர மனமில்லை. செர்ரி பார்ப் என்று பெயர். நம் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய இனம். 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கடைக்கு வருவதெல்லாம் பண்ணையில் பொரித்த குஞ்சுகள்தான். இங்கே பிறந்த நம் ஆட்களின் பிள்ளைகள் மாதிரி, ஊரைக் கண்டதில்லை.

வேலைக்குப் போனால் அதுகளைப் பார்க்க முடியவில்லை என்றுதான் கமெரா பூட்டினேன். அதை இயக்குவது ராஸ்பெரி பை என்று, 2012இல் கேம்பிரிட்ஜ்காரர் விற்பனைக்கு விட்ட, அடையாள அட்டை அளவுக் கணினி. அந்த ஊருக்கு இது பழைய வியாதி. 1991இல் அங்கே பல்கலைக்கழகக் கணினிக்காரர் கோப்பிச் சாடிக்கு முன்னால் கமெரா வைத்தார்கள். மாடியிறங்கி வந்து சாடி காலியாய்க் கிடந்தால் கோபம் வராதா? 1993இல் அது இணையத்தில் ஏறி, உலகமே அந்தச் சாடியைப் பார்த்தது. 1994இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பனியின் லூ மொண்டுல்லி தன் மீன்தொட்டியைக் காட்டினார். ஆகவே நான் பைத்தியம் என்றால், எனக்கு முன்னால் படித்த பைத்தியங்கள் இருக்கிறார்கள்.

பூட்டினால் முதலில் மீன் தெரியவில்லை, கண்ணாடியில் என் முகந்தான் தெரிந்தது. கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு, கமெராவை அதற்குள் செருகிக் கண்ணாடியோடு ஒட்டவைத்த பிறகு முகம் போனது. அடுத்து விளக்கு. நம் கண்ணுக்கு ஒரே சீராய் எரிகிற மின்குமிழ் கமெராவுக்கு விட்டுவிட்டு மினுங்குகிறதாம். படம் முழுக்கக் கறுப்புக் கோடு, கோடு போட்ட சாறன் மாதிரி. கமெராவின் வேகத்தை மின்சாரத்தின் 50 துடிப்புக்கு ஒத்துவரத் திருத்தினேன், கோடு மறைந்தது. ஊரிலிருந்து நீங்களும் பார்க்கிறீர்கள், ரீலோட் போட்டுப் பார்க்கிற ஆட்கள் என்பதால் வீடியோவை விட்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தேன்.

அம்மாவுக்குப் படம் போதாது. "மட்டக்களப்பு மீன் பாடுமே, உன்ர மீன் பாடாதா மகன்?" என்றா. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் துடுப்பில் காது வைத்துக் கேட்பதையெல்லாம் லண்டனிலும் எதிர்பார்த்தா. சரியென்று ஒரு மைக்கும் போட்டேன். அதில் வந்தது தண்ணீர் வடிக்கும் மோட்டரின் இரைச்சல் மட்டும். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாடுது" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டா. நான் மறுக்கப் போகவில்லை.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். தொட்டி கண்ணாடி அல்லவா, மீனுக்குப் பின்னால் என் அறை முழுக்கத் தெரிகிறது. "கதிரையில தொங்குற சாறனைத் தோய்ச்சு எத்தனை நாள்?" "ராவைக்கும் பாணா சாப்பிட்ட?" என்று அம்மா கேட்கிறா. அத்தான் விடியப்புறம் மூன்றரைக்கு ஆற்றுக்குப் போக எழும்பும்போது எனக்கு இரவு பதினொரு மணி. அவரும் ஒரு பார்வை பார்த்து, "உன்ர தம்பி இன்னும் படுக்கல்ல" என்று உங்களுக்குச் செய்தி வாசிக்கிறாராம். மீனைப் பார்க்க ஆளில்லை, அக்கா.

போன ஞாயிறு அந்தக் கதிரையில் ஒரு பெண்ணின் கைப்பை இருந்ததாம். அடுத்த நிமிடப் படத்தில் இல்லையாம். நடுவிலே போன அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அம்மா கேட்கிற கேள்விக்கு எந்தக் கேம்பிரிட்ஜ்காரனும் பதில் சொல்லமாட்டான். கீழ்வீட்டு அன்ரி மரக்கறி கொடுக்க வந்தவ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவா.

இன்னொரு உதவி. தொட்டியின் பின்பக்கம் ஒட்ட ஒரு படம் வேண்டும். மருமகனை ஓட்டமாவடிப் பாலத்தடிக்குப் போய் ஆற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிதாக, கதிரை முழுக்க மறைகிற அளவுக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி